அரண்மனை திறந்துதான் இருந்தது

கண்ணு,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாய். அதில் உன் பெயர் இருக்கிறது, பெனிட்டாவின் பெயர் இருக்கிறது, அவளுடைய அப்பா ஞானராஜ், அம்மா இருவர் பெயரும் இருக்கின்றன. நம் பக்கத்தில் உன் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு வரி காலி. "அப்பா, பாங்காக் போயிட்டு வந்து சொல்லுங்க. திங்கக்கெழம பிரஸ்ஸுக்குக் குடுக்கோணும். உங்க பேரு போடறதா வேண்டாமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றாய். நீ வீட்டை விட்டு அனுப்பர்பாளையத்துக்குத் தனியாகக் குடிபோன இந்த எட்டு மாதமாக நான் உன்னிடம் பேசியதெல்லாம் ஒற்றை வார்த்தைகள்தான். சரி. பார்க்கலாம். உன் இஷ்டம். மறுபடியும் அப்படி ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன். இதை வேறு யாரிடமாவது காட்ட வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் காட்டு. படிக்க வேண்டியவர்கள் நம் சொந்தத்திலேயே சிலர் இருக்கிறார்கள்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். "உங்கப்பா எதையும் மறக்க மாட்டாருங் கண்ணு, நல்லதத் தவிர" என்று உன் அம்மா உன்னிடம் சொல்வது என் காதில் விழாமல் இல்லை. என் தம்பி புது வீடு புகுந்தபோது வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினான், நேரில் வந்து கூப்பிடவில்லை. ஆறு வருடமாகிறது. அந்த வீட்டுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவன் எனக்கு மேலே ஜெனரல் மேனேஜராக வந்து உட்கார்ந்தான். தீபாவளிக்கு அவன் கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியை நான் பிரிக்க விடவில்லை. உனக்கு அப்போது ஏழெட்டு வயது. பெட்டியைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். மூன்றாம் நாள் நான் அதைத் தூக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். என் கோபத்துக்கு நீ எத்தனையோ முறை இப்படி விலை கொடுத்திருக்கிறாய் என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கே வரிசையாக ஞாபகம் வருகிறது.

பாங்காக் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பழனிச்சாமி, உன் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவன். இன்னொருவன் சலீம், காதர்பேட்டையில் மொத்த பனியன் வியாபாரம். பழனிச்சாமியை உனக்கு நன்றாகத் தெரியும். சலீம் நம் வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டதால் உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். மண்ணரையில் நானும் அவனும் சேர்ந்து சின்னதாக ஒரு பனியன் யூனிட் போடுவதாக இருந்தோம். இடம்கூடப் பார்த்தாயிற்று. அப்போது என் பெரியப்பா மகன் தங்கவேல் ஒருநாள் வந்து, "சலீமு உன்னய வேண்டாங்கறானாமாப்பா. வேற ஆளப் பாத்துட்டானாமா" என்றான். நான் சலீமிடம் போய் இது உண்மையா என்று கேட்கவில்லை. அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்திவிட்டேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததை ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"நாம ரெண்டு பேரும் ஒருக்கா எங்கியாச்சும் போயிட்டு வரலாம்ப்பா" என்றுதான் பழனிச்சாமி என்னைக் கூப்பிட்டான். கோவை விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் தள்ளுவண்டியில் பெட்டியோடு சலீம் நிற்கிறான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். நீதான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாய், நீதான் வண்டியில் கொண்டுவந்து விட்டாய், நான் இறங்கியதும் ஒரு நொடி நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அதில் உனக்கும் பங்கிருந்தது என்று அப்போதே புரிந்தது. விமானத்தில் மூன்று இருக்கைகளில் நடுவில் பழனிச்சாமி. "சன்னல மூடலாமான்னு சலீமு கேக்கறான்" என்று என்னிடம் சொல்வான். "மூடச் சொல்லு" என்பேன். "மூடச் சொல்றான்டா" என்று அந்தப் பக்கம் திரும்புவான். நான்கு முறை இது நடந்த பிறகு, "ஏப்பா, நான் என்ன தபால்காரனா? நடுவுல உக்காந்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டான். அதன்பின் மூன்று பேரும் பாங்காக் வரை பேசவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஆற்றுப் படகில் ஏறி அரண்மனைக்குப் போனோம். அந்த ஆற்றை நீ பார்க்க வேண்டும். நம் நொய்யலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, ஊரின் நடுவே இவ்வளவு தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருப்பதே பெரிய ராஜபோகமாக இருந்தது. அக்கரையில் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம் ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. படகை விட்டு இறங்கும்போது சலீம் பழனிச்சாமியைப் பார்த்தபடி, "அவனும் ஒரு சிம் வாங்கிப் போட்டுக்கிட்டா நல்லது. கூட்டத்துல பிரிஞ்சுட்டா என்ன பண்றது?" என்றான். "எனக்கு யாரும் போன் பண்ணப் போறதில்ல" என்று நானும் பழனிச்சாமியைப் பார்த்தே சொன்னேன். எவ்வளவு சின்னப் புத்தி பார்.

அரண்மனையின் வெள்ளை மதில் தெரு நீளத்துக்குப் போகிறது. அதற்கு மேலே பொன்னிறக் கூரைகளும் கூம்புகளும் மட்டும் தெரியும். உள்ளே போக உடைக் கட்டுப்பாடு உண்டு என்று பழனிச்சாமிக்கு நூறு முறை சொல்லியிருந்தோம். அவன் அரைக்கால் டிரவுசரோடு வந்திருந்தான். வாசல் காவலர் அவனுடைய முழங்காலைக் கையால் சுட்டிக் காட்டித் தலையாட்டினார். "எங்க ஊட்ல அவளே இந்த முட்டிய இப்படி உத்துப் பாத்ததில்லப்பா" என்றான் பழனிச்சாமி. எதிர்ச் சாரியில், இப்படி வருகிறவர்களுக்காகவே, யானைப் படம் போட்ட தொளதொளப்பான பேண்ட் விற்கிற கடைகள் வரிசையாக இருந்தன. பதினோரு வருடத்தில் முதல் முறையாகச் சலீம் என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "மாப்ளே, நீ இங்கயே நில்லு. இவனுக்கு ஒண்ணு வாங்கி மாட்டி இழுத்துட்டு வந்தர்றேன்." நான் நின்றேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. எனக்குள் வழக்கமான வேலை ஆரம்பித்துவிட்டது. இருவரும் ஒன்றாகப் போய்விட்டார்கள், என்னை மட்டும் நிற்கவைத்துவிட்டார்கள், இந்நேரம் எங்காவது உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு என்னைப் பற்றிச் சிரிப்பார்கள். அப்போது ஒருவன் பக்கத்தில் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஏதோ தொங்கியது. நான் அதைப் படிக்கவில்லை. அவன் போட்டிருந்த காலர் பனியனைப் பார்த்தேன். பொத்தான் பட்டி துளி கோணாமல் இருந்தது, தோள் தையலுக்குள் டேப் கொடுத்திருந்தார்கள், காலர் நுனி சுருளவில்லை, எங்கும் ஒரு நூல் தொங்கவில்லை. முப்பது வருடமாகத் தைத்த சரக்கில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் நின்று நின்று எனக்கு முதலில் துணிதான் கண்ணில் படும், ஆள் அப்புறம்தான். இவ்வளவு சுத்தமான சரக்கைப் போட்டிருப்பவன் பொறுப்பான ஆளாகத்தான் இருப்பான் என்று முடிவுகட்டிவிட்டேன். "சார், இன்று வெளிநாட்டுக்காரர்களுக்கு அரண்மனை மூடியாயிற்று. உள்ளே பூஜை. மதியம்தான் திறப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதுவரை பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன என்று டுக்டுக் என்கிற அந்த ஊர் ஆட்டோ ஒன்றையும் கைதட்டிக் கூப்பிட்டான்.

இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். அவன் மூடியிருக்கிறது என்று சொல்லும்போது என் கண்ணெதிரே வெள்ளைக்காரர்களும் சீனர்களும் கூட்டம் கூட்டமாக அந்த வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு, செல்பி எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனார்கள். நான் அதையும் பார்த்தேன், அவன் சொன்னதையும் நம்பினேன். அவர்களுக்குத் திறந்திருக்கும், எனக்கு மூடியிருக்கும் என்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் ஏற்படவில்லை. சலீமுக்கும் பழனிச்சாமிக்கும் இது முன்பே தெரிந்திருக்கும், அதனால்தான் என்னைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது. டுக்டுக்கில் ஏறிவிட்டேன்.

வண்டிக்காரன் முதலில், நின்ற கோலத்தில் இருக்கும் உயரமான புத்தர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டான். அடுத்து கோட்டு சூட்டுத் தைக்கும் கடை ஒன்று. திருப்பூர்க்காரனைக் கடத்திக்கொண்டு போவதற்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை. கடைக்காரர் கோரக்பூர் பக்கத்து ஆள். நம் கம்பெனியில் வேலை செய்யும் பையன்களோடு பேசிப் பேசி எனக்கு வந்த இந்தி அங்கே உதவியது. அசல் காஷ்மீர் கம்பளி என்று ஒரு துணியை என் மடியில் விரித்தார். நான் விரலில் ஒரு நூலைப் பிரித்து முறுக்கிப் பார்த்துவிட்டு, "இது பாலியஸ்டரும் விஸ்கோஸும். கம்பளி இந்தத் துணியை ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். திருப்பூர் என்றதும் துணியை மடித்து வைத்துவிட்டு டீ சொல்லிவிட்டார். அரண்மனை திறக்கிற வரை இங்கே உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டேன். "அரண்மனை காலையிலிருந்தே திறந்துதானே இருக்கிறது, சார்ஜி? உங்களுக்கு யார் மூடியிருக்கிறது என்று சொன்னது?" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

அந்தக் கடையில் டீ ஆறிப்போகிற வரை உட்கார்ந்திருந்தேன். உன்னிடமும் உன் அம்மாவிடமும் இதுவரை சொல்லாத ஒன்றை அப்போது நினைத்துக்கொண்டேன். கணிதத்தில் முதுகலை முடித்த வருடம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை கிடைக்கவில்லை, வேண்டியவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கல்லூரி வாத்தியாராக இருக்க வேண்டியவனை இந்த ஊர் நூல் பொறுக்க வைத்துவிட்டது என்று நான் புலம்பாத வருடம் இல்லை. நடந்தது வேறு. கல்லூரி வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் ஒருவர், "எதுக்குத் தம்பி வந்தீங்க? ஆள் எல்லாம் முன்னமே எடுத்தாச்சே" என்றார். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. நான் அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன். நேர்முகம் நடந்த அறைக்குள் நான் போகவே இல்லை, கண்ணு. போகாத அறையில் எனக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று முப்பது வருடம் கோபப்பட்டிருக்கிறேன். உள்ளே போயிருந்தாலும் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் வைத்திருந்ததால்தான் கோபம் கெடாமல் இருந்தது.

கடைக்காரர் ஒரு சீட்டில் தாய்லாந்து மொழியில் ஏதோ எழுதிக் கொடுத்து, தெரிந்த வண்டி ஒன்றில் ஏற்றிவிட்டார். நான் அரண்மனை வாசலுக்குத் திரும்பியபோது மணி இரண்டேகால். காலை பதினொன்றுக்குப் போனவன். நண்பர்கள் இருவரும் பார்த்து முடித்துவிட்டு விடுதிக்குப் போயிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னை நிற்கச் சொன்ன அதே இடத்தில், மதிலோரம், பாதி நிழலும் பாதி வெயிலுமாகச் சலீம் உட்கார்ந்திருந்தான். தலையில் கைக்குட்டை, கையில் வெட்டிய கொய்யாப்பழப் பை. அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது. வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். அன்று மதியத்துக்கு அந்தக் கொய்யா மட்டும்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சூட்டு தெச்சாச்சா மாப்ளே?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வாசல்ல நிக்கறவனெல்லாம் அங்கதான் கூட்டிட்டுப் போவானாமா. எதுத்த கடைக்காரம்மா சொல்லுச்சு. பழனிச்சாமி படகுத்துறையில தேடறான். யானை பேண்ட்ட மாட்டிட்டு ஊரு முழுக்கத் திரியறான் பாவம்."

"நீ உள்ள போகலியா?"

"நீ திரும்பி வந்து பாத்தா இங்க யாராச்சும் இருக்கோணுமில்ல? இல்லீன்னா அதுக்கும் ஒரு பதினஞ்சு வருஷம் பேச மாட்டே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் குத்துவதற்காகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். போனில் பழனிச்சாமியைக் கூப்பிட்டு வரவழைத்தான். மூன்று பேரும் கடைசிக் கூட்டத்தோடு உள்ளே போனோம். பொன்தகடு போர்த்திய கோபுரம், வாசலுக்கு வாசல் நம் அளவைப்போல் மூன்று மடங்கு உயரத்தில் கோரைப்பல் பூதங்கள், குரங்குப் படைகளும் தேர்களும் வரைந்த நீண்ட சுவர்கள். வெளிநாட்டுப் பாணியில் கட்டிய வெள்ளை மாளிகையின் தலையில் அந்த ஊர்க் கூரையைத் தூக்கி வைத்திருந்தார்கள். "சூட்டுப் போட்டு உருமாலு கட்டுன மாதிரி இருக்கு" என்றான் பழனிச்சாமி. ஒவ்வொரு தூணிலும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். நகத்தளவுத் துண்டைக் கையால் ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை வருடம் ஒட்டினார்களோ! ராஜாவை விட்டுவிட்டு நான் அவர்களைத்தான் நினைத்தேன். வரிசை ஒன்றுகூட விலகவில்லை. இப்படி ஒரு இடத்தைப் பார்க்காமலே, எனக்கு மூடிவிட்டார்கள் என்று ஊருக்கு வந்து சொல்லியிருப்பேன். நீயும் நம்பியிருப்பாய்.

பச்சை நிறப் புத்தர் இருக்கும் மண்டபத்தின் படியில் பழனிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். சலீமுக்குக் கால் வலி, படியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். கேட்டுவிட வேண்டும் என்று அந்த டீக்கடையிலிருந்தே, இல்லை, அந்தத் துணிக்கடையிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். பார், எழுதும்போதுகூடத் தடுமாறுகிறது. "மண்ணரை யூனிட்டுக்கு நீ என்னய வேண்டாமுன்னியா?" என்று கேட்டேன். அவன் இல்லை என்று சொல்லுவான், தங்கவேல்தான் பொய் சொன்னான் என்று ஆகும், கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா, நான்தான் வேண்டாமுன்னேன்" என்றான் சலீம்.

எழுந்து போய்விடத்தான் தோன்றியது, போகவில்லை.

"நீ யாரு கூடவாச்சும் ஒரு மாசம் சேந்தாப்பல மூஞ்சியத் தூக்காம இருந்திருக்கியா? ஒரே யூனிட்ல இருந்தா தெனமும் சண்டை வரும். சண்டை வந்தா நீ போயிருவே. யூனிட்டுக்கு ஆள் கெடைக்கும், நீ கெடைக்க மாட்டேன்னு நெனச்சேன். அத உன்கிட்ட வந்து சொல்றதுக்குள்ள நீயாவே போயிட்டே."

"நீ அப்பவே வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கோணும். அது என் தப்புத்தான். எனக்கும் ரோசம்டா மாப்ளே. கேக்க வராதவன்கிட்ட நான் எதுக்குப் போறதுன்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது உயிருள்ள ஒரு ஆள் மேல் இருக்கும் கோபம். பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருப்பவன் மேல் இருக்கும் கோபம். அதை வைத்துக்கொண்டு சேர்ந்து நடக்க முடிகிறது. மறுநாள் படுத்த கோலத்தில் இருக்கும் பெரிய புத்தரைப் பார்க்கப் போனோம். அவருக்குப் பின்னால் காசு போடுவதற்காக வரிசையாக வெண்கலக் கிண்ணங்கள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பயபக்தியோடு காசு போட்டுக்கொண்டு போக, பழனிச்சாமி மட்டும் ஒவ்வொரு கிண்ணத்தையும் விரலால் சுண்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். "வார்ப்பு சுத்தமா இருக்குதுப்பா" என்று சான்றிதழும் கொடுத்தான். சலீமும் நானும் சிரித்துச் சிரித்துக் காவலரிடம் திட்டு வாங்கினோம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பெனிட்டா வேறு மதம், அவர்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதெல்லாம் ஆரம்பத்தில் எனக்கு உறுத்தியது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் எட்டு மாதம் வீம்பாக இருந்ததற்குக் காரணம் அது அல்ல. "அந்தப் புள்ளையோட அப்பன், உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்றானாமா" என்று தங்கவேல் வந்து சொன்னான். இந்த முறையும் நான் விசாரிக்கவில்லை. உன் கல்யாணம் என்னைக் கேட்காமலே நடக்கிறது, என்னை அவமானப்படுத்தியவர் வீட்டில் நடக்கிறது என்று எனக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டேன். பாங்காக்கிலிருந்து வந்த மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், மண்ணரையில் இருக்கும் பெனிட்டாவின் வீட்டுக்குப் போனேன். ஞானராஜ் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முன்னறையில் ஓவர்லாக் மெஷின் ஒன்று, அதன் பக்கத்தில் தைத்து அடுக்கிய குழந்தை உடுப்புகள். பழக்கதோஷம், ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கணவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார் என்றார். இருக்கிறேன் என்றேன்.

அவர் வந்து என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "வாங்க சார். எப்ப வந்திய? ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேன்லா" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. என் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் கண்ணை விலக்கவில்லை.

"மிதிக்க மாட்டேன்னு சொல்லல சார். ரெண்டு தடவ வந்துட்டேன், இனி அவுக கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொன்னேன். ரெண்டாவது தடவ வந்தப்ப நீங்க வீட்லதான் இருந்திய. ஒங்க செருப்பு வெளிய கெடந்துச்சு. அம்மா இல்லன்னு சொன்னாவ. பாவம், அவங்களுக்குப் பொய் சொல்லவும் வரல. நானும் பொம்பளப் புள்ளயப் பெத்தவன்லா சார். ஒரு வாசல்ல எத்தன தடவ நிக்க முடியும்?"

உனக்கு இது தெரியாது, கண்ணு. அவர் வந்த அன்று நான் உள்ளறையில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல் என்று உன் அம்மாவை அனுப்பியது நான்தான். உன்னிடம் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியமும் வாங்கினேன். எனக்குக் கதவுகள் மூடியிருக்கின்றன என்று நம்பித் திரிந்த அந்த மனுஷன்தான், தேடி வந்தவருக்குத் தன் கையால் கதவைச் சாத்தியிருக்கிறான். அவரிடம் இதையே சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் பழகவில்லை. "தப்புங்க" என்று மட்டும் வந்தது. அவர் உள்ளே திரும்பி, "ஏட்டி, சாருக்கு இன்னும் சோறு போடலியா?" என்றார். மீன் குழம்பு. முள்ளெடுத்துச் சாப்பிட எனக்குத் தெரியாதென்று அவரே எடுத்து வைத்தார்.

ஆகவே, பத்திரிகையில் என் பெயரைப் போடு. பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் வேண்டாம். உனக்கு நான் சொல்லித் தரக்கூடிய பெரிய விஷயம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெனிட்டா உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்று யாராவது, அது நானாகவே இருந்தாலும், வந்து சொன்னால், அதை வைத்துக்கொண்டு ஒருநாள்கூட உட்கார்ந்திருக்காதே. அவளிடமே போய்க் கேள். பதில் உனக்குப் பிடிக்காததாகவே இருக்கலாம். சலீம் எனக்குச் சொன்னது போல இருக்கலாம். பரவாயில்லை, கேள். உன் சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்க நீயும் நானும் சேர்ந்து போவோம். தங்கவேலுக்கும் வைப்போம். ஆனால் அவனுடன் நான் பேசுவேனா என்று இப்போதே கேட்காதே, ஒரு மனுஷன் ஒரே மாதத்தில் எவ்வளவுதான் திருந்த முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நீயும் வந்துவிடு, முடிந்தால் சனிக்கிழமையே வா, உன் அறையில் நான் போட்டு வைத்த பழைய சாம்பிள் மூட்டைகளை எடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏனுங்க, அவிங்களுக்குக் காரம் ஆகுங்களா? ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு எத்தன மணிக்கு வருவாங்க? கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "அப்பறம் அத்தன நேரம் அங்க என்னத்தப் பேசுனீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீ கேட்டுச் சொல் என்று உன்னிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். ஞானராஜின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. நானே கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா